நீலப் பையிலிருந்த காளான்

படத்தில் இருந்தது அவர்கள் வீட்டுப் பீங்கான் கிண்ணம்தான். அதற்குள் பழுப்பு நிறத்தில், சுருக்கம் சுருக்கமாக, பனி உருகி நீர் கசியும் காளான்கள். பக்கத்தில் ஒரு வைன் பாட்டில். ஓரத்தில் ஒரு கிழவரின் கட்டைவிரல், ‘பிரமாதம்’ என்று நிமிர்ந்து நின்றது.

“பாரு, உன் காளானுக்கு வந்த யோகத்த!” என்று மிர்வா கைபேசியைக் கணவனிடம் நீட்டினாள். “உங்கப்பா காட்டுல கிடந்தது, இப்ப ஸ்பெயின்காரர் கையால வேகப் போகுது.”

எஸ்தோனியாவின் தாலின் நகரத்துப் பழைய சதுக்கத்தில், ஒரு காபிக் கடைக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே அக்டோபர் மழை ஓயாமல் தூறிக்கொண்டிருந்தது. ஈரக் கற்களில் மஞ்சள் இலைகள் ஒட்டிக் கிடந்தன. ஜார்னோ வாயில் பாதி லவங்கப்பட்டை பன்னோடு படத்தைப் பார்த்தான். மெல்லுவதை நிறுத்தினான்.

“எந்தப் பைலேர்ந்து எடுத்தாங்க?”

“பைல என்ன இருக்கு?”

“வெள்ளைப் பையா, நீலப் பையா? பெருசு பண்ணிப் பாரு மிர்வா.”

மிர்வா படத்தைப் பெரிதாக்கினாள். வைன் பாட்டிலுக்குப் பின்னால் கசங்கிய பிளாஸ்டிக் பை ஒன்றின் மூலை தெரிந்தது.

“நீலம்.”

ஜார்னோ பன்னைத் தட்டில் வைத்தான்.

“அது வேகவைக்காதது” என்றான்.

மிர்வாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

இந்தக் காதுக்காளானைப் பற்றி அவர்கள் நாடான பின்லாந்தில் யாருக்கும் யாரும் சொல்லித் தருவதில்லை. வசந்தத்தில் மணல் பாங்கான காட்டில் முளைக்கும். நிறையத் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, காளானை அலசி, புதுத் தண்ணீரில் இன்னொரு முறை கொதிக்கவைக்க வேண்டும். கொதிக்கும்போது ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும், ஆவி ஆகாது. அதன் பிறகு வெண்ணெயில் வதக்கினால் அமிர்தம். அதற்கு முன் தின்றால் விஷம். மின்சாரக் கம்பியில் கை வைக்காதே என்று எந்த வீட்டிலாவது எழுதி ஒட்டுவார்களா? அதுபோல ஃப்ரீசரில் இருக்கும் காதுக்காளான் மீதும் யாரும் எதையும் எழுதுவதில்லை.

ஆனால் ஸ்பெயின்காரர்களுக்கு அது தெரியாது. அவர்கள் ஊரில் கிட்டத்தட்ட இதே முகச்சாயலில் வேறொரு காளான் உண்டு. விலை உயர்ந்தது. ஒருமுறை நன்றாக வதக்கினாலே போதும்.

“மே மாசம் ரெண்டு வாளி கொண்டு வந்தே. ரெண்டையும் கொதிக்க வச்சுட்டேன்னுதானே சொன்னே?” மிர்வாவின் குரல் இறங்கிப் போயிருந்தது.

“மொத வாளிய வச்சேன். ரெண்டாவது வாளி அன்னிக்கு ஹாக்கி அரையிறுதி இருந்துச்சு. சமைக்கும்போது பாத்துக்கலாம்னு அப்படியே பைல போட்டுட்டேன்.”

“ஹாக்கி.”

“நம்ம வீட்டு ஃப்ரீசர்தானே மிர்வா? யாரு வந்து எடுக்கப் போறாங்கன்னு நினைச்சேன். எதை வேணா எடுத்துச் சாப்பிடுங்கன்னு சொன்னது நீ!”

சொன்னது அவள்தான். முந்தின நாள் காலை, தாலின் துறைமுகத்தில். பள்ளிகளுக்கு இலையுதிர்கால விடுமுறை வாரம். மிர்வா கணக்கு டீச்சர். ஜார்னோ ஹெல்சிங்கியில் நகரப் பேருந்து ஓட்டுகிறான். ஹெல்சிங்கிக்காரர்களுக்குத் தாலின் வேறு நாடே அல்ல. நடுவில் இரண்டு மணி நேரக் கடல் இருக்கும் பக்கத்துத் தெரு. இந்த வருடம் ஹோட்டலுக்குப் பதில் வீடு மாற்றிக்கொள்ளலாம் என்று மிர்வாதான் ஏற்பாடு செய்தாள். தாலினில் கணினி வேலை பார்க்கும் ஸ்பெயின் பெண் நெரேயா, ஊரிலிருந்து வந்திருந்த தன் அப்பா கோல்டோவுக்கு ஹெல்சிங்கியைக் காட்ட ஆசைப்பட்டாள். மூன்று நாளைக்கு அவர்கள் வீடு இவர்களுக்கு, இவர்கள் வீடு அவர்களுக்கு. துறைமுகத்தில் சாவி கைமாறியபோது கோல்டோ ஜார்னோவைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். ஜார்னோ விளக்குக் கம்பம் மாதிரி விறைத்து நின்றான். அந்தச் சங்கடத்தை மறைக்கத்தான் மிர்வா படபடவென்று பேசினாள். ஃப்ரீசர், அலமாரி எல்லாம் உங்களோடதுதான், எதை வேணா எடுத்துச் சாப்பிடுங்க. சனிக்கிழமை சாயங்காலம் நிலவறை சானாவில், அதான் கட்டடத்துக்கே பொதுவான நீராவிக் குளியல் அறைல, எங்க முறை இருக்கு, வீணாக்காதீங்க, நீங்க போங்க.

இன்று சனிக்கிழமை. படத்தின் கீழே நெரேயா எழுதியிருந்தாள்: ‘அப்பா புதையல் கண்டுபிடிச்சிட்டார்! வெண்ணெய், க்ரீம் எல்லாம் வாங்கியாச்சு. முதல்ல சானா, அப்புறம் விருந்து. போன் மேலயே இருக்கும். நெருப்பு பக்கத்துலயும் சாப்பாட்டு மேசைலயும் போன் கூடாதுங்கறது அப்பாவோட சட்டம்.’

செய்தி வந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. மழையில் நடந்துகொண்டிருந்ததில் மிர்வா கவனிக்கவில்லை.

நெரேயாவை அழைத்தாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அழைத்தாள். ‘சாப்பிடாதீங்க, விஷம்’ என்று எழுதி அனுப்பினாள். செய்தி போய்ச் சேர்ந்தது, யாரும் படிக்கவில்லை.

ஹெல்சிங்கியில் விஷத்தைப் பற்றிக் கேட்பதற்கென்றே ஒரு எண் உண்டு. மிர்வா அதை அழைத்தாள். எடுத்த பெண் நிதானமாகக் கேட்டுவிட்டு நிதானமாகவே சொன்னாள்.

“ஒரு வாய் கூட வேணாம். சாப்பிட்டிருந்தா வலி வரட்டும்னு காத்திருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரி. ஏன் சொல்றேன்னா, இதுல வலி உடனே வராது. ராத்திரி நல்லா தூங்குவாங்க. காலைலதான் வாந்தி ஆரம்பிக்கும். அப்புறம் கல்லீரல். அந்த நேரத்துக்கு நம்மால பண்ண முடியறது கொஞ்சம்தான்.”

இதற்குள் ஜார்னோ அவசர எண்ணை அழைத்திருந்தான். எஸ்தோனியாக்காரர்கள் எடுத்து, பொறுமையாகக் கேட்டு, ஹெல்சிங்கிக்கு இணைத்தார்கள். “வண்டி அனுப்பறோம். ஆனா அதே கட்டடத்துல யாராவது இருந்தா கூப்பிட்டுச் சொல்லுங்க, அதுதான் சீக்கிரம்” என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

அதே கட்டடத்தில் யாராவது.

பதினொரு வருடமாக அங்கே இருக்கிறார்கள். எதிர்வீட்டுப் பெண்ணின் பெயர் கதவில் எழுதியிருப்பதால் தெரியும். அவள் போன் எண் தெரியாது. மாடிப்படியில் காலடி கேட்டால், கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கி நின்று, கண்ணாடித் துளை வழியாகப் பார்த்து, ஆள் போன பிறகு வெளியே வருவதுதான் அந்த ஊர் மரியாதை. எல்லாரும் அப்படித்தான்.

“ஒருத்தர் நம்பர் இருக்கு” என்றான் ஜார்னோ. சொல்லும்போதே முகம் சுளித்தது.

அவன் கைபேசியில் அந்தப் பெயர் ‘சானா போலீஸ்’ என்று இருந்தது. உண்மையான பெயர் புல்கினென். இரண்டாவது மாடியில் தனியாக இருக்கும் கிழவர். குடியிருப்போர் சங்கத்தின் தலைவர். சனிக்கிழமை சானாவில் இவர்களுக்கு அடுத்த முறை அவருடையது. போன கிறிஸ்துமஸுக்கு முன் ஜார்னோ நேரம் கடந்தும் உள்ளேயே உட்கார்ந்திருந்தபோது, அவர் வெளியே இருந்து விளக்கை அணைத்துவிட்டார். இருட்டில் ஜார்னோ வழுக்கி விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டான். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

“புல்கினென்” என்றது குரல்.

“நான் ஜார்னோ. நாலாவது மாடி.”

“தெரியுது. என்ன?”

“ஒரு உதவி வேணும். கீழ சானாவுக்குப் போய்க் கதவத் தட்டணும். எங்க விருந்தாளிங்க உள்ள இருக்காங்க.”

“இப்ப உங்க முறைதானே ஓடுது?”

“ஆமா.”

“அப்ப நான் எதுக்குத் தட்டணும்? மத்தவங்க சானால இருக்கும்போது என் ஆயுசுல நான் கதவத் தட்டினதில்ல. முறை முடியட்டும். முடிஞ்சு ஒரு நிமிஷம் தாண்டட்டும். அப்ப நீங்க சொல்லவே வேணாம், நானே தட்டுவேன்.”

“லைட்ட அணைக்கறதுக்கு மட்டும் கை வரும், தட்டறதுக்கு வராதோ?”

“இதுக்குத்தான் போன் பண்ணினியா? வெளிநாட்டு ஆளுங்கள சங்கத்துகிட்ட கேக்காம சானால விட்டதே தப்பு...”

மிர்வா போனைப் பிடுங்கினாள்.

“புல்கினென், நான் மிர்வா. காதுக்காளான். வேகவைக்காதது. நேரா வாணலில போடப் போறாங்க.”

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“எந்த ஊர்க்காரங்க?” என்று கேட்டார் புல்கினென்.

“ஸ்பெயின்.”

“போனை வைக்காதம்மா. செருப்பப் போட்டுக்கறேன்.”

போனை மேசை நடுவில் வைத்து இருவரும் குனிந்துகொண்டார்கள். கதவு சாத்தும் சத்தம். செருப்பு படிகளில் அடிக்கும் சத்தம். கிழவரின் மூச்சு.

“லிஃப்ட்ல போங்க!” என்றான் ஜார்னோ.

“லிஃப்ட்ல போனா போன் கட்டாயிடும்டா மூளையில்லாதவனே.”

நிலவறைக்கு வந்துவிட்டார். ஒரு முறை தொண்டையைச் செருமினார். பிறகு தட்டினார். அந்தத் தட்டலே ஏதோ பாவம் செய்வது போல மெதுவாக இருந்தது.

“பலமா தட்டுங்க!” என்றாள் மிர்வா.

தட்டினார். பிறகு கதவு திறக்கும் சத்தம்.

“யாரும் இல்ல. தரை ஈரமா இருக்கு. விளக்கு அணைஞ்சிருக்கு. முறை முடியறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டாங்க போல. சூடு தாங்கியிருக்காது.”

மிர்வா கண்ணை மூடிக்கொண்டாள். மேலே போய்விட்டார்கள். அடுப்பு மேலேதான் இருக்கிறது.

மறுபடி படிகள். இந்த முறை ஏற வேண்டும். எழுபதைத் தாண்டிய மனிதர். இரண்டாவது மாடியில் நின்று மூச்சு வாங்கினார். மறுபடி ஏறினார்.

“உங்க வாசலுக்கு வந்துட்டேன். மணிய அழுத்தறேன். சத்தமே வரலியே?”

மிர்வா திரும்பிக் கணவனைப் பார்த்தாள்.

“கண்டவனும் வந்து எதையாவது விக்கறான்...” ஜார்னோ தலையைக் குனிந்துகொண்டான். “வயரக் கழட்டிட்டேன்.”

“எப்ப?”

“மூணு வருஷம் இருக்கும்.”

போனில் கதவை இடிக்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் மெல்லிதாக ஒரு பாட்டு, தாளம், யாரோ கூடச் சேர்ந்து உரக்கப் பாடுவது.

“உள்ள பாட்டு ஓடுது. அந்த ஆளும் பாடறான். காதுல விழலை.” புல்கினென் நிறுத்தினார். குரல் மாறியது. “வாசனை வருதும்மா. வெண்ணெய். பூண்டு.”

“மோந்து பாக்காதீங்க!”

“எனக்கே சொல்லித் தர்றியா?”

மிர்வாவுக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. கதவில், இடுப்புயரத்தில், செய்தித்தாளும் தபாலும் போடுகிற நீளத் துளை.

“தபால் துளை! போனை ஸ்பீக்கர்ல போட்டு, துளைக்குள்ள கைய விட்டு உள்ள நீட்டுங்க. நான் பேசறேன்.”

“இது புது போன்.”

“கீழ போட வேணாம், பிடிச்சுக்கிட்டே இருங்க!”

ஏதோ உரசும் சத்தம். ஒரு முனகல். பாட்டின் சத்தம் திடீரென்று பெரிதாகியது. கை உள்ளே போய்விட்டது.

மிர்வா எழுந்து நின்றாள். வகுப்பறையில் முப்பது பிள்ளைகளை ஒரே சொல்லில் அடக்குகிற குரலை எடுத்தாள். “நெரேயா! நெரேயா! சாப்பிடாதீங்க! விஷம்! நெரேயா!”

கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது. பக்கத்து மேசையில் ஒரு பின்லாந்துத் தம்பதி இருந்தார்கள். தங்கள் நாட்டுப் பெண் ஒருத்தி பொது இடத்தில் கத்துவதைப் பார்த்த வெட்கத்தில் அவர்கள் காபிக் கோப்பைக்குள்ளேயே முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். மிர்வா விடவில்லை. தொண்டை கரகரக்கக் கத்தினாள்.

பாட்டு நின்றது. அடுத்து வந்தது ஒரு பெண்ணின் வீறிடல்.

“அப்பா! கதவுலேர்ந்து கை! கதவுக்குள்ள ஒரு கை!”

“நெரேயா, நான் மிர்வா! அந்தக் கை எங்க பக்கத்து வீட்டுக்காரரோடது! கதவத் திற!”

கதவு திறந்தது. அந்தக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். மண்டியிட்டிருந்த புல்கினென் துளைக்குள் சிக்கிய கையோடு சேர்ந்து நகர்ந்தார் என்பது, “மெதுவா! கை! கை!” என்ற அலறலில் தெரிந்தது.

“மிர்வா? என்ன நடக்குது?” அவர் கையிலிருந்து போனை வாங்கிக் கேட்டாள் நெரேயா. “குளியல் கோட்டு போட்ட ஒரு தாத்தா...”

“அவர் நல்லவர். மொதல்ல அடுப்ப அணை. எல்லா ஜன்னலையும் திற. அந்தக் காளான் விஷம். உங்க ஊர்க் காளான் இல்ல, வேற. யாராவது சாப்பிட்டீங்களா?”

ஓடும் சத்தம். ஜன்னல்கள். பிறகு ஸ்பானிய மொழியில் பெரிய வாக்குவாதம். கோல்டோவின் குரல் ஏறிக்கொண்டே போனது.

“நான் தொடலை. தட்டுல இன்னும் போடலை” என்றாள் நெரேயா. “அப்பா சிரிக்கறார். அறுபது வருஷமா காளான் பறிக்கறேன், எனக்கா பாடம்னு கேக்கறார். உங்களுக்கு... சொல்லவே கூச்சமா இருக்கு... விலை ஜாஸ்தியான சரக்க எடுத்துட்டோம்னு மனசு தாங்கலையாம். கஞ்சங்களாம். பணம் குடுத்துடறேன்னு சொல்றார்.”

அந்த நேரத்தில் பாத்திரம் இடிபடும் சத்தமும் ஒரு கர்ஜனையும் கேட்டன.

“ஐயோ! தாத்தா வாணலிய எடுத்துட்டார்! அப்பா பிடிச்சு இழுக்கறார்! தாத்தா விடலை. பால்கனிக்குப் போயிட்டார். வாணலியக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு மழைல நிக்கறார்!”

“நிக்கட்டும்” என்றாள் மிர்வா. “நெரேயா, கவனமா கேளு. உங்கப்பா சாப்பிட்டாரா?”

கேட்டுச் சொன்னாள். “இல்லைங்கறார்.”

உட்காரப் போன மிர்வா அப்படியே நின்றாள்.

“நெரேயா, உங்கப்பா சமைக்கும்போது ருசி பாக்காம உப்பு போடுவாரா?”

அந்தப் பக்கம் அப்பாவும் மகளும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள்.

“கரண்டி நனைஞ்சிருக்கு” என்றாள் நெரேயா. அழுகை வந்துகொண்டிருந்தது. “கேட்டா முகத்தத் திருப்பிக்கறார். சாப்பிடலை, சாப்பிடலைன்னே சொல்றார். என் சமையலையே விஷம்னு சொல்றவங்களுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்கறார். எனக்குத் தெரியும் மிர்வா, பொய் சொல்லும்போது அவர் காது சிவக்கும். இப்ப ரெண்டு காதும் சிவந்திருக்கு. என்ன பண்றது? வண்டி வந்தாலும் ஏற மாட்டார். நல்லாத்தானே இருக்கேன்னு சொல்லிட்டுப் படுத்துடுவார்.”

ராத்திரி நல்லா தூங்குவாங்க. அந்தப் பெண் சொன்னது மிர்வாவின் தலைக்குள் சுற்றியது.

ஜார்னோ கையை நீட்டினான். “எங்கிட்ட குடு.”

“நீ என்ன சொல்லப் போறே? ஃப்ரீசரத் திறந்தது அவங்க தப்புன்னா?”

“குடு மிர்வா.”

வாங்கிக்கொண்டான். அவனுடைய ஆங்கிலம் பேருந்தில் வெளிநாட்டுப் பயணிகளுக்கு வழி சொல்கிற அளவுதான். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தான்.

“கோல்டோ, நான் ஜார்னோ. உங்க சமையல்ல தப்பு இல்ல. தப்பு என்னோடது. நான் சோம்பேறி. அந்தக் காளான ரெண்டு தடவ வேகவைக்கணும். டிவில ஹாக்கி ஓடிச்சு. வேகவைக்கலை. பைல போட்டுட்டேன். பொண்டாட்டிகிட்ட வேகவச்சேன்னு பொய் சொல்லிட்டேன். உங்க ஊர்ல எந்த சமையக்காரன் எடுத்திருந்தாலும் இதேதான் செஞ்சிருப்பான். நீங்க எல்லாம் சரியா பண்ணினீங்க. நான் பண்ணலை.” கொஞ்சம் நிறுத்தினான். “உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்றது? எனக்கு அதுக்கு மேல இங்கிலீஷ் தெரியாது. சொல்லிடுங்க, ப்ளீஸ்.”

மழை கண்ணாடியில் வழிந்தது. போனில் தூரத்து அபாயச் சங்கு லேசாகக் கேட்டது.

“ரெண்டு துண்டு” என்றது கிழவரின் குரல், உடைந்த ஆங்கிலத்தில். கொஞ்ச நேரம் கழித்து, “மூணு. மூணாவது கொஞ்சம் பெருசு” என்றது.

“நன்றி” என்றான் ஜார்னோ. அவன் கண்கள் கலங்கியிருந்தன. “வண்டில ஏறுங்க.”

மாலைக் கப்பலில் நின்றுகொண்டுதான் வர முடிந்தது, விடுமுறைக் கூட்டம். தாலினில் மலிவாக வாங்கிய பியர்ப் பெட்டிகளை அடுக்கிய தள்ளுவண்டிகள் நடைபாதையை அடைத்திருந்தன. மேல்தளத்தில் யாரோ சுருதியே இல்லாமல் காதல் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தார்கள், கூட்டம் கைதட்டியது. கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் போனில் தொடர்பு அறுந்தது.

“ஏன் பொய் சொன்னே?” என்று கேட்டாள் மிர்வா.

“நீ திட்டுவேன்னு.”

“திட்டியிருப்பேன். திட்டிட்டு நானே வேகவச்சிருப்பேன்.”

“தெரியும்.”

ஜார்னோ தன் போனைக் கையில் பிடித்தபடி, தொடர்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றான். கண்ணாடிக்கு வெளியே கறுப்புக் கடல். மிர்வா அவன் கையைப் பிடிக்கவும் இல்லை, நகர்ந்து போகவும் இல்லை.

ஹெல்சிங்கியின் விளக்குகள் தெரியத் தொடங்கியபோது போன் அதிர்ந்தது. ‘சானா போலீஸ்’ என்று திரையில் வந்தது.

‘ஆஸ்பத்திரில இருக்கோம். ரத்தம் எடுத்திருக்காங்க. ஏதோ கறுப்பா கரைச்சு குடுத்தாங்க, குடிச்சிட்டு என்னைத் திட்டறான். என்ன சொல்றான்னு புரியலை. நாளைக்கும் மறுநாளும் ஈரலப் பாத்துட்டுத்தான் எதுவும் சொல்வாங்களாம். பொண்ணு நல்லாருக்கா. என் குளியல் கோட்டு முழுக்க வெண்ணெய்.’

ஞாயிற்றுக்கிழமை காலை போய்ப் பார்த்தார்கள். கோல்டோ தலையணையில் சாய்ந்து, ஆஸ்பத்திரிக் கஞ்சியை எதிரியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் ஒருமுறை வாந்தி எடுத்ததாக நெரேயா சொன்னாள். ஈரலின் எண்கள் லேசாக ஏறியிருக்கின்றன. இனி ஏறுமா இறங்குமா என்பது நாளைக்குத்தான் தெரியும் என்றார் டாக்டர். முதலிலேயே வந்துவிட்டது நல்லது என்றும் சொன்னார். ஜார்னோ கட்டிலருகே நின்றான். என்ன செய்வதென்று தெரியாமல் கஞ்சிக் கிண்ணத்தை வாங்கி ஒரு வாய் தின்று பார்த்து, “உப்பு இல்ல” என்றான். கோல்டோ தலையை ஆட்டி ஆமோதித்தார்.

திங்கட்கிழமை ஜார்னோ வேலைக்குப் போகவில்லை. நெரேயாவிடமிருந்து காலையிலிருந்தே செய்தி இல்லை. மிர்வா இரண்டு முறை அழைத்தாள், எடுக்கவில்லை. டாக்டருடன் பேசிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தார்கள். வேறு மாதிரியும் நினைத்தார்கள், சொல்லிக்கொள்ளவில்லை. சமையலறை ஜன்னல் இன்னும் திறந்தே கிடந்தது. பால்கனியில் வாணலி, புல்கினெனின் துண்டால் மூடப்பட்டு அப்படியே இருந்தது. ஜார்னோ ஏணியைப் போட்டு, கதவுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்த மணியின் வயரை எடுத்து இணைத்தான்.

ஏணியிலிருந்து இறங்குவதற்குள் மணி அடித்தது.

இருவரும் அசையாமல் நின்றார்கள். பதினொரு வருடப் பழக்கம். மிர்வா மூச்சை அடக்கிக்கொண்டாள். கண்ணாடித் துளையை நோக்கி ஜார்னோவின் தலை தானாகக் குனிந்தது. பாதி வழியில் நின்றது. பார்க்காமலேயே கதவைத் திறந்தான்.

வாசலில் கோல்டோ நின்றார். இரண்டு நாளில் கன்னம் ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் நெரேயா கையைப் பிடித்திருந்தாள், மறுபக்கம் புல்கினென்.

“இறங்கிடுச்சு” என்றாள் நெரேயா. “எண்ணெல்லாம் இறங்கிடுச்சு. போன்ல சொல்லியிருப்பேன், அப்பாதான் விடலை. நேர்ல போய்ச் சொல்லணும்னார்.”

கோல்டோ இரண்டு கையையும் விரித்தார். இந்த முறை ஜார்னோ விளக்குக் கம்பமாக நிற்கவில்லை. ஏணியோடு மோதி, கிழவரைக் கட்டிக்கொண்டு, விடவே இல்லை. கோல்டோவே முதுகில் தட்டி விடுவிக்க வேண்டியிருந்தது.

புல்கினென் இதையெல்லாம் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததா என்று ஓரக்கண்ணால் ஒருமுறை சரிபார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

“சனிக்கிழமை என் முறை போச்சு” என்றார்.

“எங்களோடத எடுத்துக்குங்க” என்றாள் மிர்வா. “வர்ற சனிக்கிழமை. ரெண்டு முறையும் சேத்து.”

“ரெண்டு மணி நேரம் தனியா உக்காந்து நான் என்ன பண்றது?” புல்கினென் செருப்பைத் திருப்பிப் போட்டுக்கொண்டு படியிறங்கத் தொடங்கினார். பாதியில் நின்று, மேலே பார்க்காமலேயே சொன்னார். “இவனையும் அனுப்பு. ஹாக்கி இல்லாத நேரமா பாத்து.”